ஆறு பத்து எஞ்சின்

சிரில் ஆல்டர்சன் உட்கார்ந்து பார்த்தவர்கள் எங்கள் ஊரில் ரொம்பக் குறைவு. சர்ச்சுக்குப் போனால்கூடக் கடைசி பெஞ்சின் ஓரத்தில்தான் இருப்பார். இரண்டாவது பாட்டு முடிவதற்குள் எழுந்துபோய், வாசல் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். வீட்டிலும் இதே கூத்துதான். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தாயிற்றா, கெட்டிலில் தண்ணீர் இருக்கிறதா, பின்பக்கக் கேட்டுக்குத் தாழ்ப்பாள் விழுந்ததா என்று ஏதாவது ஒன்று. முன்னறைக் கம்பளத்தில் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு தடம் தேய்ந்து கிடக்கும். அவர் மனைவி ஐவி அதை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாள். "இது ரெண்டாவது கம்பளம். மொதக் கம்பளத்த இந்த மனுஷன் தின்னு தீர்த்தாச்சு" என்பாள்.

நாற்பது வருஷம் ரயில்வே சிக்னல் கேபினில் நின்று லீவர் இழுத்தவர், கால் அப்படிப் பழகிவிட்டது என்று ஊர் சொல்லிக்கொண்டது. சிரிலும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி வைத்தார். இல்லை என்று சொன்னால் உண்மையான காரணத்தைச் சொல்ல வேண்டியிருக்குமே!

உண்மையான காரணம் ஒரே ஒரு பொய். அதை அவர் சொன்னது 1959-ல்.

அப்போது அவருக்கு முப்பத்து நான்கு வயது. ஸ்கார்பெக் கேபினில் வேலை. மலைச் சரிவைத் தாண்டி நான்கு மைல் தள்ளி அடுத்த கேபின், மூர்எண்ட். அங்கே இருந்தவர் எல்லிஸ் ஃபாசெட். ஏழு வருஷம் இரண்டு பேரும் அடுத்தடுத்த கேபின்காரர்கள். ஆனால் நேரில் பார்த்துக்கொண்டது யூனியன் கூட்டத்திலும் யாராவது கல்யாணத்திலும்தான். மற்ற நாளெல்லாம் பேச்சு மணியில். இங்கே ஒரு தட்டு தட்டினால் அங்கே மணி அடிக்கும், அங்கே தட்டினால் இங்கே. பயணி வண்டிக்கு மூன்றும் ஒன்றும். தனி எஞ்சினுக்கு இரண்டும் மூன்றும். இதையே நாள் முழுக்க அடித்துக்கொண்டிருந்தால் கை காட்டிக்கொடுத்துவிடும். எதிர்ப்பக்கம் யார் டியூட்டியில் இருக்கிறான், அவனுக்கு ஜலதோஷமா, பெண்டாட்டியோடு சண்டையா, எல்லாம் நாலு தட்டில் தெரியும். எல்லிஸ் எப்போதும் கடைசித் தட்டை ஒரு நொடி தாமதமாகத்தான் அடிப்பார், அடிக்கலாமா வேண்டாமா என்று யோசிப்பவர் மாதிரி.

சட்டம் சுலபமானது. வண்டியை அனுப்பும் முன் அடுத்த கேபினை மணியில் கேட்க வேண்டும். அவன் அதே மணியைத் திருப்பி அடித்து, கருவியில் ஊசியை 'லைன் கிளியர்' பக்கம் திருப்ப வேண்டும்; கேட்டவன் கேபினிலும் ஊசி அதே பக்கம் திரும்பும். அதற்குப் பிறகுதான் கைகாட்டியை இறக்கலாம். கேட்ட நேரம், கிடைத்த நேரம் இரண்டையும் ரெஜிஸ்டரில் எழுத வேண்டும்.

தினமும் சாயங்காலம் ஆறு பத்துக்கு ஒரு தனி எஞ்சின் ஷெட்டுக்குத் திரும்பிப் போகும். தினமும் சிரில் கேட்பார், தினமும் எல்லிஸ் கொடுப்பார். ஏழு வருஷத்தில் ஒரு நாள் மாறியதில்லை. அதனால் சிரிலுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. ஆறு மணிக்கே ரெஜிஸ்டரில் '6.10 கேட்டது, 6.10 கிடைத்தது' என்று எழுதி வைத்துவிடுவார். அந்த நேரத்தில் டீக்குத் தண்ணீர் வைக்கலாம் பாருங்கள். இந்தத் திருட்டு வேலையைச் செய்யாத கேபின்காரன் யாரும் இருந்தால் எனக்குக் காட்டுங்கள்.

மே பதினான்காம் தேதி, வியாழக்கிழமை. மூர்எண்டில் ஒரு கூட்ஸ் வண்டி அச்சு சூடாகி அங்கேயே நின்றுவிட்டது. சிரிலுக்கு அது தெரியாது. ரெஜிஸ்டரில் எழுதியாகிவிட்டது. கெட்டிலை வைத்தார். வந்து லீவரை இழுத்தார். எஞ்சின் வளைவில் மறைந்த பிறகுதான் ஊசியைப் பார்த்தார். ஊசி திரும்பியிருக்கவில்லை. அவர் மணியே அடித்திருக்கவில்லை.

யாரும் சாகவில்லை. கூட்ஸின் கார்டு எஞ்சின் வருவதைப் பார்த்து ஹீதர் புதரில் குதித்துவிட்டார். டிரைவருக்குக் காறை எலும்பு முறிந்தது. கூட்ஸின் கடைசிப் பெட்டியான பிரேக் வேன் நொறுங்கியது. விசாரணையில் இரண்டு ரெஜிஸ்டர்களையும் மேஜையில் விரித்து வைத்தார்கள். எல்லிஸின் ரெஜிஸ்டரில் மைக் கறையும் காலியிடமும். சிரிலின் ரெஜிஸ்டரில் பள்ளிக்கூடத்துப் பரிசு வாங்கிய கையெழுத்தில் '6.10 கிடைத்தது'. ஃபாசெட் லைன் கிளியர் கொடுத்தாரா என்று கேட்டார்கள். "கொடுத்தாரு" என்றார் சிரில். ஒரே ஒரு வார்த்தை. மேஜைக்கு அந்தப் பக்கம் எல்லிஸ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கொடுத்துவிட்டு எழுத மறந்திருக்கிறான் என்று தீர்ப்பாயிற்று. எல்லிஸைக் கேபினிலிருந்து இறக்கி லீட்ஸில் போர்ட்டர் வேலைக்கு அனுப்பினார்கள். பதினேழு வருஷம் மற்றவர்களின் பெட்டியைத் தூக்கிவிட்டு ஓய்வு பெற்றார்.

அன்றிலிருந்து சிரிலால் உட்கார முடியவில்லை. ஐவிக்கு இது எதுவும் தெரியாது.

முப்பத்தைந்து வருஷம் இப்படியே ஓடிவிட்டது. இந்த ஜனவரியில் நைஜல் என்று ஒருவர் கதவைத் தட்டினார். வழுக்கைத் தலை, ஹவுசிங் சொசைட்டியில் வேலை, ரயிலைச் சின்னதாகச் செய்து ஓட்டுகிற ஊர்ச் சங்கத்தின் செயலாளர். இந்தப் பொம்மை ரயில்காரர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். சும்மா ஒரு ஸ்டேஷன் செய்துவிட்டுப் போகிற ஜாதி இல்லை. எந்த வருஷம், எந்த மாதம், முடிந்தால் எந்தத் தேதி என்று ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு அந்தத் தேதியில் அந்தச் சுவரில் என்ன போஸ்டர் ஒட்டியிருந்தது என்று ஆறு மாதம் அலைவார்கள். நைஜல் ஸ்கார்பெக்கைச் செய்யப் போகிறாராம். அருமையான படங்கள் கிடைத்திருக்கின்றனவாம். மேஜையில் பரப்பினார். சிரில் குனிந்து பார்த்தார். அத்தனையும் விசாரணைக்காக மே பதினைந்தாம் தேதி காலையில் எடுத்த படங்கள்.

"இதுக்கு மேல என்ன சார் வேணும்? ஒவ்வொரு ஆணியும் தெரியுது!" என்றார் நைஜல். மோதல் நடந்ததும் அவருக்குத் தெரியும். ஆனால் அதைக் காட்ட மாட்டாராம், குழந்தைகள் வருகிற இடமாம். மே பதினான்காம் தேதியை வைத்துக்கொண்டு, வண்டிகள் ஒழுங்காகப் போய் வருவது போல ஓட்டுவாராம்.

சிரில் ஆன மட்டும் பார்த்தார். 1961 என்று வைத்துக்கொள்ளுங்களேன், புது விளக்கு வந்த வருஷம், அழகாக இருக்கும் என்றார். நைஜல் சிரித்துவிட்டுப் பென்சிலை எடுத்தார். கெட்டில் எந்தப் பக்கம் இருந்தது, வாளி என்ன நிறம், படியில் எத்தனாவது பலகை உடைந்திருந்தது? சிரில் நின்றுகொண்டே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

அக்டோபரில் கண்காட்சி. சனியும் ஞாயிறும், பள்ளிக்கூடத்துப் பெரிய ஹாலில். நைஜல் தபாலில் இரண்டு இலவச டிக்கெட் அனுப்பியிருந்தார். சிரில் அவற்றைக் கடிகாரத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்தார். கடிகாரத்தைத் துடைக்கிற ஐவியிடம் அது எத்தனை நாள் தாங்கும்? "ஒனக்குப் போக இஷ்டமில்லன்னா சொல்லித் தொலை. எனக்கு அங்க பார்கின் கேக் கெடைக்கும், நான் போறேன்" என்றாள். அவளைத் தனியாக அங்கே அனுப்புவது அதைவிட மோசம் என்று சனிக்கிழமை சிரிலும் கிளம்பினார்.

ஹால் நிறைய ஆண்கள், முதுகில் பை, கையில் நோட்டு. பேக்கன் வறுக்கிற வாசனை. பழைய சாமான் மேஜையில் முழங்கையால் இடித்துக்கொண்டு ஒரு பெருங்கூட்டம். பதினெட்டு ரயில்கள் ஓடிக்கொண்டிருந்தன. கடைசி மூலையில்தான் ஸ்கார்பெக். சிரில் அங்கே போகாமல் மற்ற பதினேழையும் பார்த்தார். பிறகு அதே பதினேழையும் இடமிருந்து வலமாக இன்னொரு தடவை பார்த்தார். சுவிட்சர்லாந்து மலை ரயில் எதிரில் அரை நிமிஷம், துறைமுக ரயில் எதிரில் அரை நிமிஷம். இரண்டு தடவை மூலை வரை போய்த் திரும்பிவிட்டார். ஐவி கேக் தட்டோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "யாருக்காவது டிமிக்கி குடுக்கறியா என்ன?" என்று கேட்டாள். மூன்றாவது தடவை நைஜலே பார்த்துவிட்டு ஓடிவந்து கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

இருந்தது, அப்படியே இருந்தது. பன்னிரண்டு படி, மூன்றாவது படியில் உடைந்த பலகை, கரித்தொட்டியில் சாய்த்த அவருடைய சைக்கிள். கேபின் ஜன்னலுக்குள் கெட்டில். லீவர் பக்கத்தில் கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு சிரில். அவரும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

நைஜலுக்குப் பெருமை தாங்கவில்லை. வண்டிகளைக்கூட இஷ்டத்துக்கு ஓட்டவில்லையாம். அன்றைய ஸ்கார்பெக் ரெஜிஸ்டரின் நகல் கிடைத்ததாம். அதைப் பார்த்து வண்டிக்கு ஒரு அட்டை எழுதி, அட்டைப்படி ஓட்டுகிறார்களாம். இந்தப் பக்கம் ஒருவர் ஸ்கார்பெக் கேபின்காரர், வானமும் மலையும் வரைந்த பலகைக்குப் பின்னால் இன்னொருவர் மூர்எண்ட் கேபின்காரர். ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது, மணியில்தான் பேச்சு. முழு ஓட்டத்துக்கு ஐம்பது நிமிஷம், ஒரு நாளைக்கு ஏழு தடவை. ஏழு தடவை! தான் எழுதிய பொய்யை ஒரு நாளைக்கு ஏழு தடவை ஊரைக் கூட்டி ஓட்டிக் காட்டுகிறார்கள் என்று சிரிலுக்குக் காது அடைத்தது.

"ஒரே ஒரு எடம்தான் சார் ஒதைக்குது. பதினேழாவது அட்டை" என்றார் நைஜல். "ஆறு பத்துக்கு எஞ்சின் கெளம்பணும்னு ரெஜிஸ்டர்ல இருக்கு. ஆனா மூர்எண்ட்ல கூட்ஸ் நிக்குது. எடமே இல்ல. எப்படிப் போட்டுப் பாத்தாலும் வரல. பின்னாடி இருக்கற பெரியவரு அந்த ஒண்ணுக்கு மட்டும் மணி திருப்பி அடிக்க மாட்டேங்கறாரு. சேரும்போதே அத ஒரு நிபந்தனையாத்தான் சொன்னாரு. நாங்க கேக்காமலே இழுத்து உட்டுடுவோம், யாருக்குத் தெரியப் போவுது?"

பின்னால் இருக்கிற பெரியவர் யார் என்று சிரில் கேட்கவில்லை. வீட்டுக்குப் போகலாம் என்று திரும்பினார். ஆனால் ஸ்கார்பெக் பக்கம் உட்கார்ந்திருந்த ஆளுக்குப் பசி வந்துவிட்டது. ஒரு ஓட்டம் நீங்கள் பாருங்கள், உங்கள் கேபின்தானே என்று நைஜல் கெஞ்சினார். சுற்றியிருந்தவர்கள் அசல் ஸ்கார்பெக் கேபின்காரரா என்று திரும்பிப் பார்த்தார்கள். நாற்காலியை நகர்த்திப் போட்டார்கள். சிரில் அதை ஒதுக்கிவிட்டு நின்றார்.

மணிப் பொத்தானில் விரலை வைத்தார். பயணி வண்டிக்கு மூன்று, இடைவெளி, ஒன்று.

பலகைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. மூன்று. இடைவெளி. அப்புறம் ஒரு நொடி தாமதமாக, ஒன்று.

எல்லிஸ்தான். முப்பத்தைந்து வருஷமாகியும் அந்தக் கை மாறவே இல்லை. தன் கையும் மாறியிருக்காது, அவருக்கும் தெரிந்திருக்கும் என்று சிரிலுக்கு உடனே புரிந்தது. ஓடிவிட வேண்டும் போல இருந்தது. ஓடவும் முடியாது. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறதே, கேபின்காரன் கேபினை விட்டு எப்படிப் போவான்? பயணி வண்டி போயிற்று. பால் வண்டி வந்தது. கூட்ஸ் போயிற்று. ஒவ்வொரு மணிக்கும் பதில் ஒழுங்காக வந்தது, கோபமும் இல்லை, சிநேகமும் இல்லை. சிரிலின் கால் மட்டும் மேஜைக்கு அடியில் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பதினான்காவது அட்டை, பதினைந்து, பதினாறு.

பதினேழு. நைஜல் அட்டையைப் புரட்டிவிட்டு, சும்மா இழுத்து விடுங்கள் என்று கண்ணைக் காட்டினார்.

சிரில் இழுக்கவில்லை. மணி அடித்தார். இரண்டு, இடைவெளி, மூன்று. 1959-ல் அடிக்காத மணி.

பதில் இல்லை.

ஒரு நிமிஷம் போயிற்று. கண்காட்சியில் ரயில் நின்றுகொண்டே இருந்தால் அதைவிடப் பெரிய அவமானம் சங்கக்காரர்களுக்குக் கிடையாது. வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னொருவர், எஞ்சினில் கோளாறா என்று கேட்டார். இரண்டு பேர் அடுத்த மேஜைக்கு நகர்ந்தார்கள். நைஜலுக்கு வழுக்கை வரை சிவந்துவிட்டது.

"சார், அவரு குடுக்க மாட்டாரு. இழுத்துடுங்க சார்."

"அன்னிக்கும் குடுக்கல" என்றார் சிரில்.

நைஜலுக்குப் புரியவில்லை. சிரில் வானம் வரைந்த பலகையைப் பார்த்துக் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். "எல்லிஸ் அன்னிக்கு லைன் கிளியர் குடுக்கல. நான் கேக்கவே இல்ல. ஆறு மணிக்கே ரெஜிஸ்டர்ல எழுதி வெச்சுட்டு, கெட்டில் வெக்கப் போயிட்டேன். விசாரணைல கேட்டப்ப பொய் சொன்னேன். அவரு மேல ஒரு தப்பும் இல்ல."

திரும்பிப் பார்த்தால், இரண்டு கையிலும் டீயோடு ஐவி நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

பலகைக்குப் பின்னால் ஒரு நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு மணி. இரண்டு, இடைவெளி, ஒன்று. கூட்ஸ் போய்விட்டது, பாதை காலி என்று அர்த்தம். சிரில் அதைத் திருப்பி அடித்துவிட்டு, மறுபடி கேட்டார். இரண்டும் மூன்றும். எல்லிஸ் அவரைக் காக்க வைத்தார், நன்றாகவே காக்க வைத்தார். பிறகு இரண்டு. இடைவெளி. இரண்டு தட்டு. ஒரு நொடி தாமதமாக மூன்றாவது. ஊசி மெல்லத் திரும்பி 'லைன் கிளியர்' மேல் நின்றது.

சிரில் லீவரை இழுத்தார். சின்ன எஞ்சின் கேபினைத் தாண்டி வளைவில் மறைந்தது. மிச்சமிருந்த கூட்டமும் கலைந்து பேக்கன் பக்கம் போனது.

அப்போது மணி மறுபடி அடித்தது. ஏழு, ஐந்து, ஐந்து. நைஜல் அட்டைகளைப் புரட்டிப் பார்த்து, இது எதிலுமே இல்லையே என்றார். கேபினை மூடிவிட்டுப் போகிறேன் என்பதற்கு அதுதான் மணி. சிரில் பதிலுக்கு ஏழு, ஐந்து, ஐந்து அடித்தார். பின்னால் போய்ப் பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது. மேஜையில் பாதி குடித்த டீ.

ஐவி டீக் கோப்பைகளை ஸ்கார்பெக் பிளாட்ஃபாரத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டாள். நைஜல் பதறியதை அவள் கவனிக்கவில்லை. "ரெண்டு கம்பளம்" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. "ரெண்டு கம்பளம் தேஞ்சுது. ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லத் தோணல ஒனக்கு." சிரில் வாயைத் திறந்தார். "எங்கிட்ட அப்பறம் வாங்கிக்கலாம். அவரு லீட்ஸ் பஸ்ஸுக்குத்தான் போயிருப்பாரு, மூணு இருபதுக்கு. போ" என்றாள்.

வெளியே தூறல். பஸ் ஸ்டாப்பில் எல்லிஸ் தனியாக உட்கார்ந்திருந்தார், மடியில் சாப்பாட்டு டப்பா. சிரில் நினைத்து வைத்திருந்த எல்லிஸைவிட ரொம்பச் சின்ன உருவம். வலது தோள் இடது தோளைவிட இறங்கியிருந்தது. பெட்டி தூக்கிய தோள். சிரில் பெஞ்சின் மறுமுனையில் உட்காரப் போனார்.

"உக்காராத" என்றார் எல்லிஸ்.

சிரில் நிமிர்ந்தார்.

"பதினேழு வருஷம் பிளாட்ஃபாரத்துல நின்னேன். பஸ் வர்ற வரைக்கும் நில்லு."

பஸ்ஸுக்குப் பதினோரு நிமிஷம் இருந்தது. சிரில் நின்றார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை, காலை மாற்றி வைக்கவில்லை. தலையில் தூறல் இறங்கிக்கொண்டிருந்தது, தொப்பியைக்கூட எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. எல்லிஸ் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ் வந்தது. எல்லிஸ் ஒரு காலைப் படியில் வைத்துவிட்டுத் திரும்பினார். "நாளைக்குப் பத்து மணிக்குக் கேபினத் தொறப்பேன். நான் திருப்பி அடிக்காம லீவர்ல கை வெக்காத."

"வெக்க மாட்டேன்" என்றார் சிரில்.

ஐவி குடையோடு வந்தபோது பஸ் போயிருந்தது. சிரில் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். என்ன சொன்னார் என்று கேட்டாள். நாளைக்குப் பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார் என்றார்.

"அப்ப சரி. வா, நனையாம வீட்டுக்குப் போவோம்" என்றாள் ஐவி.

"கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போலாமே" என்றார் சிரில்.

ஐவி அவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு கைக்குட்டையை எடுத்து, பெஞ்சில் இருந்த ஈரத்தை இரண்டு பேருக்கும் இடம் வருகிற மாதிரி துடைத்தாள்.